வரிசையில் நிற்பவரின் பங்கு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் விடுமுறைப் பயணங்களைப் பற்றி எழுதியபோது, தீம் பார்க்குகளில் ஒவ்வொரு ரைடுக்கும் நேரம் முன்பதிவு செய்யும் முறை வந்திருப்பதைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் இம்முறை அதிகக் கடிதங்கள் வந்துள்ளன. ரயில்வே முன்பதிவு கவுண்ட்டரில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், இடம் குறைவாகவும் கேட்பவர்கள் அதிகமாகவும் இருக்கும்போது எது நியாயம் என்ற கேள்வி எனக்குப் பழக்கமானது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் இதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரை வெளியூர்த் தீம் பார்க் ஒன்றுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். முதல் நாள் இரவு 10 மணிக்குப் புறப்பட்ட பேருந்து வழியில் பஞ்சராகி நின்றதால், வாசலை அடையும்போது மறுநாள் காலை 11 மணி ஆகிவிட்டது. பெரிய ரோலர் கோஸ்டருக்குக் கைப்பேசிச் செயலியில் நேரம் பதிய வேண்டும் என்றார்கள். எங்களிடம் இருந்தவை ஆசிரியர்கள் மூவரின் கைப்பேசிகள் மட்டுமே. அவற்றில் பார்த்தபோது மாலை வரை இடமில்லை என்று காட்டியது. பொது வரிசையில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் கைப்பேசியைக் காட்டிவிட்டுப் பக்கத்துப் பாதை வழியாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். "டீச்சர், நாமதானே முந்தி வந்தோம், அவுக எப்படி முந்திப் போறாக?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?
– ஓர் ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி, அம்மா. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள் அல்ல, பூங்காவை நடத்துபவர்கள்.

உங்கள் ஊரருகே தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வரத்துக் குறைந்த ஆண்டில் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து மடைகள் அகலமாகத் திறந்திருந்தால், மேலச்செவலைத் தாண்டிய கடைமடை வயலுக்கு ஈரம் போய்ச் சேராது. அதனால்தான் முறை வைத்து, இன்ன மடைக்கு இத்தனை மணி நேரம் என்று ஊரறியச் சொல்லித் தண்ணீர் விடுகிறார்கள். ரைடும் அப்படிப்பட்ட ஒரு கால்வாய்தான். ஒரு ரோலர் கோஸ்டர் வண்டியில் 24 இருக்கைகள், ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 40 வண்டிகள், 960 பேர். முன்பதிவுச் செயலி வந்ததனால் அந்த 960 என்பது 961 ஆகிவிடுவதில்லை. உங்களுக்கு முன்னால் 300 பேர் நிற்கிறார்கள் என்றால், ஒரே வரிசையாக இருந்தால் ஏறக்குறைய 19 நிமிடத்தில் உங்கள் முறை வந்துவிடும். அதே ரைடில் நூற்றுக்கு 70 இடங்களைப் பதிவு வரிசைக்குக் கொடுத்துவிட்டால், பொது வரிசைக்கு எஞ்சுவது மணிக்கு 288 இடங்கள். அதே 300 பேருக்குப் பின்னால் நிற்கும் நீங்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிற்க வேண்டும். வரிசையின் நீளம் கூடவில்லை, ஆள் கூடவில்லை, மடை மட்டும் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது.

இரண்டு பாதைகளும் ஒன்று சேரும் இடத்தில் ஓர் ஊழியர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பதிவுப் பாதையிலிருந்து ஒரு கூட்டத்தை விட்டுவிட்டு, பொதுப் பாதையிலிருந்து நான்கைந்து பேரை விட்டு, மறுபடியும் கையை நீட்டித் தடுப்பார். அந்த ஊழியரின் கைதான் மடைப்பலகை. அவர் எந்தக் கணக்கில் விடுகிறார் என்பது வரிசையில் நிற்கும் எவருக்கும் சொல்லப்படுவதில்லை. என் குறை இங்கேதான் இருக்கிறது. பொது வரிசைக்கு மணிக்கு இத்தனை இடம் என்று ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்கி, அதை வரிசையின் வாசலில் பலகையில் எழுதி வைத்து, எந்த நெருக்கடியிலும் அதைக் குறைக்காமல் இருந்தால் உங்கள் மாணவிக்குச் சொல்ல ஒரு பதில் இருந்திருக்கும்.

இந்த முறை தொடங்கியபோது இவ்வளவு சிக்கலாக இருக்கவில்லை. 1999-இல் ஃப்ளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவில் 'ஃபாஸ்ட்பாஸ்' என்ற பெயரில் இது வந்தபோது, ரைடின் அருகே ஓர் இயந்திரம் இருக்கும். நுழைவுச் சீட்டைச் செருகினால், இன்ன நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வரவும் என்று ஒரு தாள் வரும். கட்டணம் கிடையாது, கைப்பேசி தேவையில்லை, ஒரு தாளை வைத்துக்கொண்டு உடனே இன்னொன்று எடுக்கவும் முடியாது. காலையில் வந்தவர் காலைத் தாளை எடுப்பார், நண்பகலில் வந்தவர் மாலைத் தாளை எடுப்பார். அதன் பிறகு வந்த 'ஃபாஸ்ட்பாஸ் பிளஸ்' முறையில் பூங்காவின் விடுதிகளில் தங்குவோர் 60 நாட்களுக்கு முன்பும் மற்றவர்கள் 30 நாட்களுக்கு முன்பும் பதியலாம் என்றானது. வாசலுக்கு வருமுன்பே நல்ல இடங்கள் தீர்ந்துபோகும் நிலை அப்போது தொடங்கியது. 2021 அக்டோபரில் அங்கே இலவச முறைக்குப் பதிலாகக் கட்டண முறை வந்தது.

உங்களைப் போல் தொலைவிலிருந்து பேருந்தில் வருவோருக்காகப் பூங்காக்கள் செய்யக்கூடியவை எளியவைதாம். ஒரு நாளின் இடங்கள் எல்லாவற்றையும் காலை திறக்கும்போதே கொட்டிவிடாமல், ஒரு பகுதியை நண்பகலுக்குப் பிறகு திறக்க வேண்டும். டிஸ்னி பூங்காவே புதிய ரைடுகள் சிலவற்றுக்குக் காலை 7 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் என்று இரண்டு முறை இடங்களைத் திறந்து பார்த்திருக்கிறது. பள்ளிக் குழுவுக்கு ஆசிரியர் ஒருவரின் பெயரில் மொத்தமாகப் பதிந்து, பிள்ளைகளின் மணிக்கட்டில் காகிதப் பட்டை கட்டி அனுப்பினால் 42 பேருக்கு 42 கைப்பேசி தேவைப்படாது. கைப்பேசி இல்லாதவர் வந்து கேட்க ஒரு கவுண்ட்டரும், அந்தக் கவுண்ட்டருக்கென்று ஒரு பங்கு இடமும் கட்டாயம் இருக்க வேண்டும். கவுண்ட்டரைத் திறந்து வைத்துவிட்டு இடம் முழுவதையும் செயலியில் விற்றுத் தீர்ப்பது, வெறும் பானையைக் காட்டி வா என்று அழைப்பதாகும்.

கேள்வி: முந்தி வந்தவருக்கு முதலில் என்பதைவிட நியாயமான விதி எது இருக்கிறது? காலையில் விழித்துக் கைப்பேசியில் சரியான நேரத்தில் பதிபவருக்கு இடம் கிடைக்கிறது. பதியாதவர்கள் ஏன் குறை சொல்ல வேண்டும்?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி டவுன்

பதில்: தம்பி, கால்நடையாக வந்து வரிசையில் நிற்கும்போது அந்த விதி நியாயமானது, ஏனென்றால் அங்கே செலவிடப்படுவது எல்லோரிடமும் ஒரே அளவில் இருக்கும் நேரம். ஒரு குறிப்பிட்ட நொடியில் ஆயிரக்கணக்கானோர் ஒரே பொத்தானை அழுத்தும்போது, வேகமான இணைப்பும் நல்ல கருவியும் பழகிய விரலும் உள்ளவர் வெல்கிறார். முந்தி வந்தவர் யார் என்பதே அங்கே தெரிவதில்லை.

இதை நாம் தட்கலில் பார்த்துவிட்டோம். குளிர்சாதனப் பெட்டிகளுக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று திறந்த சில நிமிடங்களில் நெல்லை விரைவு வண்டியில் இடம் தீர்ந்துபோவதைக் கவுண்ட்டரின் உட்புறத்திலிருந்து பார்த்தவன் நான். விடியுமுன் வந்து, துண்டை விரித்து இடம்பிடித்து உட்கார்ந்திருந்த முதியவருக்கு, கவுண்ட்டரின் முதல் ஆளாக நின்றும் காத்திருப்புச் சீட்டையே கொடுக்க நேர்ந்த நாட்கள் உண்டு. அவர் என்னைத் திட்டவில்லை, சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் பதிய ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, முதல் அரை மணி நேரம் முகவர்கள் பதியக் கூடாது என்று ரயில்வே விதி செய்ததற்குக் காரணம், அந்த ஓட்டப்பந்தயத்தில் எளியவர் தோற்றுக்கொண்டே இருந்ததுதான்.

தீம் பார்க்கிலும் அதே கதை நடந்தது. 2019 டிசம்பரில் ஃப்ளோரிடாவில் திறந்த 'ஸ்டார் வார்ஸ்' ரைடு ஒன்றுக்குப் பொது வரிசையே வைக்காமல், செயலியில் குழு எண் பெற்றவர் மட்டும் வரலாம் என்று வைத்தார்கள். பல நாட்களில் சில நிமிடங்களிலேயே எண்கள் தீர்ந்தன. நுழைவுக்குப் பணம் கட்டி, குடும்பத்தோடு வந்து, அந்த ரைடை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு.

இப்படி ஒரே நேரத்தில் எல்லோரும் மோதும் இடத்தில் குலுக்கலே நியாயமானது என்பது என் முடிவு. திருமலையில் ஆர்ஜித சேவைகள் எனப்படும் கட்டணப் பூஜைகள் சிலவற்றுக்குச் சில நாட்கள் பெயர் பதிய விட்டு, பிறகு மின்னணுக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கிறார்கள்; முதல் நொடியில் பதிந்தவருக்கும் கடைசி நாளில் பதிந்தவருக்கும் ஒரே வாய்ப்பு. தோக்கியோ டிஸ்னி பூங்காக்களில் சில மேடை நிகழ்ச்சிகளுக்கு வந்தவர்களிடையே செயலியில் குலுக்கல் நடக்கிறது. ரைடுக்கும் இதைச் செய்யலாம். காலை ஒரு மணி நேரம் பதியவிட்டு, குடும்பத்தை ஒரே சீட்டாகக் கணக்கிட்டுக் குலுக்க வேண்டும். காலைக் குலுக்கலில் விடுபட்டவருக்குப் பிற்பகல் குலுக்கலில் முன்னுரிமை கொடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி இல்லாவிட்டால் குலுக்கலும் பாதி நியாயம்தான்.

கேள்வி: அண்ணாச்சி, கோயிலிலேயே பொது தரிசனம், கட்டண தரிசனம் என்று இரண்டு வரிசை இருக்கிறது. பணம் உள்ளவர் கூடுதலாகக் கொடுத்து முன்னால் போவதில் தீம் பார்க்கில் மட்டும் என்ன தவறு? வியாபாரிக்கு வருமானம் வேண்டாமா?
– மளிகைக் கடைக்காரர், சங்கரன்கோவில்

பதில்: வியாபாரிக்கு வருமானம் வேண்டும். கூடுதல் விலைக்கு விரைவு வரிசைச் சீட்டு விற்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டிலும் அது வந்துவிட்டது. ஆனால் உங்கள் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மூட்டை அரிசியை விற்றுக் காசு வாங்கிய பிறகு, அந்தப் பத்து மூட்டையிலிருந்தே இன்னொருவருக்குக் கூடுதல் விலைக்கு அளந்து கொடுத்துவிட்டு, முதலில் காசு கொடுத்தவரைக் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்வீர்களா? நுழைவுச் சீட்டு வாங்கியபோதே பொது வரிசையில் நிற்பவர் ரைடுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறார். விரைவுச் சீட்டு விற்கப்படுவது அவருடைய நேரத்திலிருந்து.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதை நான் பெரிதாக நினைக்கிறேன். பொது வரிசை நீளமாக இருந்தால்தான் விரைவுச் சீட்டு விலைபோகும். 20 நிமிடம் நின்றால் ஏறிவிடலாம் என்றால் யார் கூடுதலாகப் பணம் கொடுப்பார்? அப்படியானால், பொது வரிசையைச் சுருக்க வேண்டியவரே அது நீள்வதால் லாபம் அடைபவராக ஆகிவிடுகிறார். இரண்டாவது வண்டியை ஓட விடுவதா, கூடுதல் ஊழியரை நிறுத்துவதா, ஒரு நாளைக்கு எத்தனை பேரை உள்ளே விடுவது என்ற முடிவுகள் எல்லாம் அவர் கையில் இருக்கின்றன. அவர் கெட்ட எண்ணம் உள்ளவராக இருக்க வேண்டியதில்லை. கணக்குப் புத்தகமே மெல்ல மெல்ல அந்தப் பக்கம் இழுத்துவிடும். ஃப்ளோரிடாவில் 2021-இல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் என்று தொடங்கிய கட்டண முறை, 2024-இல் நுழைவுச் சீட்டுக்கு மேலாக, பூங்காவையும் நாளையும் பொறுத்து 449 டாலர் வரை போகும் ஒரு சீட்டும் சேர்ந்த முறையாக வளர்ந்திருக்கிறது. தோக்கியோவிலோ 2022-இல் கட்டணச் சீட்டைக் கொண்டுவந்தவர்கள், 2023-இல் வேறு சில ரைடுகளுக்கு இலவச முன்னுரிமைச் சீட்டையும் அதன் பக்கத்திலேயே வைத்தார்கள். காசு இல்லாதவருக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது; எனக்கு அது பிடித்திருக்கிறது.

தட்கலுக்கும் கூடுதல் கட்டணம் உண்டு. ஆனால் ஒரு வண்டியில் தட்கலுக்கு எத்தனை இடம் என்பது விற்பனை தொடங்குமுன்பே ஒதுக்கப்பட்டிருக்கிறது. கூட்டம் கூடுகிறதே என்று பொதுப் பதிவில் உறுதியான இடத்தைப் பிடுங்கித் தட்கலில் விற்க முடியாது. காத்திருப்பவருக்கும் உங்கள் எண் 14 என்று சீட்டிலேயே அச்சிட்டுக் கொடுக்கிறோம். தீம் பார்க்கும் விரைவுச் சீட்டின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்து, அந்த வரம்பை வாசலில் எழுதி, விற்றுத் தீர்ந்ததும் கவுண்ட்டரை மூடிவிட்டால் என் எதிர்ப்பில் பெரும்பகுதி போய்விடும். மணிக்கு 960 பேர் ஏறும் ரைடில் விரைவுச் சீட்டுக்கு 200 இடத்துக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வராது.

திருநெல்வேலி கீழ ரத வீதியில் மாலையில் அல்வாவுக்கு நிற்கும் வரிசையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காரில் வந்து இறங்கியவரும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கடைக்கு வருமானம் குறைந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. நெருக்கமான வரிசையில் பத்து நிமிடம்கூட அவனால் நிற்க முடியாது. தனி வழி கேட்டால் பின்னால் இருப்பவர்கள், "நல்லாத்தானே இருக்கான்" என்கிறார்கள். கேட்பது தவறா?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: கேட்பது உங்கள் மகனின் உரிமை, அம்மா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வரிசைப்படுத்தும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பள்ளி நடத்திவரும் உங்கள் ஊரில், வெளியே தெரியாத சிரமமும் சிரமம்தான் என்பதை மற்ற ஊர்களைவிட எளிதில் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

இதற்கு நல்ல ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 2013-இல் வந்த முறைப்படி, வரிசையில் நிற்க இயலாதவர் ஒரு ரைடுக்குப் பெயர் கொடுத்தால், அப்போது பொது வரிசையில் எவ்வளவு நேரம் ஆகிறதோ ஏறக்குறைய அவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்லி நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அந்த நேரத்தை உங்கள் மகன் மர நிழலில் உட்கார்ந்து கழிக்கலாம். அவன் யாரையும் முந்தவில்லை, வேறு இடத்தில் காத்திருக்கிறான். பின்னால் நிற்பவரிடம் சொல்வதற்கும் இதுவே பதில். அதற்கு முன்பிருந்த அட்டை முறையைச் சிலர் தங்கள் வசதிக்காகத் தவறாகப் பயன்படுத்தியதால்தான் இந்த மாற்றம் வந்தது.

2024-இல் அதே பூங்காக்கள் இந்த ஏற்பாட்டை, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கே பெரும்பாலும் என்று சுருக்கிவிட்டன. வேறு நோயால் நெடுநேரம் நிற்க முடியாதவர்கள் அதனால் வருந்துகிறார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது. ஏமாற்றுபவர் சிலரைத் தடுக்க, தேவையுள்ள பலரை வெளியே நிறுத்துவது எனக்கு ஒப்புதலில்லை. நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இருக்கிறது. அதைக் காட்டினால் மேற்கொண்டு எந்தக் கேள்வியும் கேட்காமல் நேரம் குறித்துக் கொடுக்கலாம். அட்டை இல்லாத நோயாளியிடம் மருத்துவர் கடிதம் ஒன்று போதும். எதுவானாலும், வரிசையில் இருப்பவர்கள் முன்னிலையில் நோயின் பெயரைச் சொல்ல வைக்கக் கூடாது. அதற்கு வாசலருகே தனி மேசை வேண்டும்.

கேள்வி: மூத்தவளுக்கு உயரம் போதுமானது, இளையவனுக்குப் போதாது. நானும் கணவரும் இரண்டு முறை வரிசையில் நிற்க வேண்டுமா?
– ஒரு வாசகி, நாங்குநேரி

பதில்: வேண்டியதில்லை. ஒருவர் மகளுடன் ஏறி இறங்கும் வரை மற்றவர் இளையவனுடன் வெளியே இருந்துவிட்டு, பிறகு மறுபடியும் வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளும் மாற்று முறை உலகின் பெரிய பூங்காக்கள் பலவற்றில் இருக்கிறது. வரிசையில் சேருவதற்கு முன்பே ஊழியரிடம் கேளுங்கள். ஏறியபிறகு கேட்டால் கொடுப்பது கடினம்.

கேள்வி: குற்றாலத்தில் சீசன் கூட்டத்துக்கு எந்தச் செயலியும் இல்லை, ஆனாலும் அங்கே சண்டை குறைவு. இது எப்படி? அடுத்த மாதம் எங்கள் சங்கத்திலிருந்து 60 பேர் ஒரு தீம் பார்க்குக்குப் போகிறோம். எதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்ட வேண்டும்?
– மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர், வள்ளியூர்

பதில்: பேரருவியில் கூட்டம் மிகும் நாளில் காவலர் விசில் ஊதி ஒரு கூட்டத்தை வெளியே வரச் செய்து, அடுத்த கூட்டத்தை உள்ளே விடுகிறார். பெண்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. எத்தனை பேர் போனார்கள், நமக்கு முன்னால் எத்தனை தலை இருக்கிறது என்பது நனைந்த துண்டோடு நிற்கும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. சாரல் மேலே விழுந்துகொண்டிருக்க, அரை மணி நேரம் நிற்பது ஒரு பாரமாகத் தோன்றுவதும் இல்லை. தீம் பார்க்கின் வரிசையில் நிழலும் தண்ணீரும் உட்காரத் திண்ணையும், 'இங்கிருந்து இத்தனை நிமிடம்' என்ற உண்மையான பலகையும் இருந்தால் பாதிக் கோபம் தணிந்துவிடும். அந்தப் பலகையில் கூட்டியும் குறைத்தும் எழுதாமல் இருப்பது முக்கியம்.

நீங்கள் பணம் கட்டுமுன், ரைடுகளுக்கு முன்பதிவு உண்டா, அது நுழைவுச் சீட்டில் அடங்கியதா, தனிக் கட்டணமா என்று கேளுங்கள். ரைடு பழுதாகி நின்றால், பதிந்த நேரம் போய்விடுமா, வேறு நேரம் தருவார்களா என்றும் கேளுங்கள். மழை நாளில் இதுதான் பெரிய தகராறு. 60 பேருக்கு ஒருவர் பெயரில் பதிய முடியுமா, நண்பகலுக்கு மேல் வந்து சேர்ந்தால் பெரிய ரைடுகளில் உங்களுக்கு எத்தனை இடம் இருக்கும் என்பதைப் பூங்காவின் குழுப் பதிவு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். அம்பாசமுத்திரம் ஆசிரியைக்கும் இதையே சொல்கிறேன். அந்தப் பதிலை அச்செடுத்து, பேருந்து புறப்படும் இரவில் குழுத் தலைவியின் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால், வாசலில் நிற்கும் நேரத்தில் சார்ஜ் இறங்கிப்போயிருக்கும்.